தெரிந்த பாட்டு காட்சிக்குள் வரும்போது

போன மாதம் அக்காவின் மகளும் அவளோடு படிக்கிற பெடியன் ஒருவனும் என் எடிட்டிங் அறைக்கு ஒரு பென் டிரைவோடு வந்தார்கள். உள்ளே அவர்கள் எடுத்த ஏழு நிமிடக் குறும்படம். டச்பே கடற்கரையில் சின்னப் படகு வைத்திருக்கும் தகப்பன், கட்டாருக்கு வேலைக்குப் போகும் மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து திருகோணமலை பஸ் நிலையத்தில் இரவு பஸ்ஸில் விடுகிறார். அவ்வளவுதான் கதை. நன்றாகவே எடுத்திருந்தார்கள். பஸ் நிலையத்துக் காட்சியில் மான் ஒன்று தானாகவே சட்டகத்துக்குள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறது. காசு கொடுத்தாலும் அப்படி அமையாது.

ஆனால் கடைசி இரண்டு நிமிடமும் அப்பாவைப் பற்றிய பிரபலமான சினிமாப் பாட்டு ஒன்று முழுதாக ஓடியது. தகப்பன் முகத்தில் நடித்தவர் காட்டிய அத்தனையையும் அந்தப் பாட்டு மூடிவிட்டது.

"மாமா, பாட்டும் நல்ல பாட்டுத்தானே, காட்சியும் நல்லா வந்திருக்கு. பிறகு ஏன் ரெண்டும் ஒட்டுதில்லை?" என்று கேட்டாள்.

நான் பல வருடமாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். தாலி கட்டும் இடத்துக்கு எந்தப் பாட்டு, மணப்பெண் தாயைக் கட்டிப் பிடித்து அழும் இடத்துக்கு எந்தப் பாட்டு என்பதுதான் என் அன்றாடம். அன்று அவர்களுக்குச் சொன்னதை, புதிதாகப் படம் எடுக்க வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்ப் படம் என்றாலே பாட்டு இருக்கும். அவை அந்தப் படத்துக்கென்றே மெட்டுப் போட்டு எழுதியவை. நான் சொல்வது வேறு. ஏற்கெனவே வெளிவந்து, கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் கேட்டுக் கேட்டு நம்முடையதாகவே ஆகிவிட்ட ஒரு பாட்டை, பிறகு ஒரு இயக்குநர் தன் படத்தின் காட்சிக்குள் கொண்டுவருவது. ஹாலிவுட்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் நீடில் டிராப். இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குவது என்று பொருள். புதிதாக இசையமைக்காமல், இருக்கிற தட்டை எடுத்துப் போடுவதால் அந்தப் பெயர்.

புதுப் பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புதுப் பாட்டை நாம் அந்தப் படத்தோடுதான் சந்திக்கிறோம். பழைய பாட்டை நமக்கு அந்தப் படத்துக்கு முன்பே தெரியும். அது வரும்போது அதோடு சேர்ந்து நம் வீடு, நம் தெரு, நாம் அதைக் கேட்ட வயது எல்லாம் எழுந்து வருகின்றன. எங்கள் ஊரில் இது இன்னும் கூடுதல். படம் வருவதற்கு முன்னமே பாட்டு வானொலியில் வந்துவிடும். சில படங்களை நாங்கள் கடைசி வரை பார்த்ததே இல்லை, பாட்டு மட்டும் மனப்பாடம். 1985இல் வந்த 'முதல் மரியாதை' படத்துப் 'பூங்காற்று திரும்புமா' பாட்டைக் கேட்டால் எனக்கு முதலில் சிவாஜியின் முகம் வராது. உப்புவெளியில் அம்மம்மா வீட்டுக் குசினியும், அரிக்கன் லாம்பும், பலகைத் தட்டில் இருந்த ரேடியோவும்தான் வரும். எந்த இயக்குநருக்கும் அந்தக் குசினி தெரிந்திருக்காது. ஆனால் ஆளுக்கொரு குசினி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவர் அந்தப் பாட்டை எடுக்கிறார்.

பாட்டு எங்கிருந்து கேட்கிறது?

எடிட்டிங் மேசையில் நான் கேட்கிற முதல் கேள்வி இது. பாட்டைக் கதைக்குள் இருக்கிறவர்களும் கேட்கிறார்களா, அல்லது பார்க்கிற நமக்கு மட்டும் கேட்கிறதா? கடை ரேடியோவில் ஓடினால், ஒருவர் பாடினால், அது கதைக்குள் ஒலிக்கும் பாட்டு. பின்னணி இசை போல மேலே வந்து விழுந்தால் அது கதைக்கு வெளியே ஒலிக்கும் பாட்டு. கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். காட்சியின் பலம் பாதி இதில்தான் இருக்கிறது.

குவென்டின் டரன்டினோவின் முதல் படமான 'ரிசர்வாயர் டாக்ஸ்' 1992இல் வந்தது. அதில் ஒரு கிடங்குக்குள் ஒரு போலீஸ்காரரைக் கதிரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவரைச் சித்திரவதை செய்யப் போகிறவன் ரேடியோவைப் போடுகிறான். ஸ்டீலர்ஸ் வீல் என்ற குழு 1970களின் தொடக்கத்தில் பாடிய துள்ளலான பாட்டு ஒன்று வருகிறது. அவன் கையில் சவரக் கத்தியோடு அதற்கு ஆடுகிறான். காதை அறுக்கும் நேரத்தில் கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பாட்டு மட்டும் உற்சாகமாக ஓடுகிறது. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. அவன் பெட்ரோல் கேன் எடுக்க வெளியே காருக்குப் போகிறான். கதவைத் தாண்டியதும் பாட்டு இல்லை. சாதாரணப் பகல் வெளிச்சம், சாதாரணத் தெருச் சத்தம். கேனை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வருகிறான். பாட்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஒருவர் ரத்தம் வடிய இருப்பது அந்தப் பாட்டுக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. அதைப் பின்னணி இசையாக மேலே போட்டிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. ரேடியோவில் போட்டதால் வந்தது.

கொடூரத்துக்கு மேல் இனிமையான பாட்டை வைக்கும் இந்த முறையைப் பிறகு பலர் எடுத்துப் பழசாக்கிவிட்டார்கள். இப்போது சண்டை என்றால் ஒரு பழைய குத்துப் பாட்டு என்றாகிவிட்டது. ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் சண்டையை எடுத்துவிட்டு வேறு சண்டையை வைத்தாலும் அந்தப் பாட்டு பொருந்தும் என்றால், அங்கே பாட்டு வேலை செய்யவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

தராமல் வைத்திருப்பது

'96' படம் 2018இல் வந்தது, இயக்கம் பிரேம்குமார். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபது வருடத்துக்கு மேல் கழித்துச் சென்னையில் ஒரு நண்பர்கள் கூடலில் சந்திக்கிறார்கள். பள்ளிக்கூட நாட்களில் ஜானு வகுப்பில் பாடுவாள். ராமுக்கு 'யமுனை ஆற்றிலே' பாட்டுக் கேட்க ஆசை. 1991இல் வந்த 'தளபதி' படத்துப் பாட்டு, இசை இளையராஜா, வரிகள் வாலி. அவனுக்கு அது வேண்டும் என்று தெரிந்தே அவள் அதை மட்டும் பாடாமல் வேறு ஏதாவது பாடுவாள்.

பிறகு பல வருடம் கழித்து, ராமின் வீட்டில், இரவில் கரண்ட் போகிறது. இருட்டில் ஜானு அந்தப் பாட்டை எடுக்கிறாள். ராம் விளக்கைத் தேடித் தடுமாறி ஓடி வருகிறான். விஜய் சேதுபதியின் கை கால் பதறுவதைப் பாருங்கள். தண்ணிக்கு ஏங்கியவன் மழைச் சத்தம் கேட்டு முற்றத்துக்கு ஓடி வருவது போல இருக்கும். சின்மயியின் குரல், தனியாக. 'தளபதி'யில் வந்த பாட்டைப் போல இசைக்கருவிகள் சூழ்ந்து வரவில்லை.

இந்தக் காட்சி ஏன் இப்படித் தாக்குகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு புதுப் பாட்டுக்காக யாராலும் காத்திருக்க முடியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி ஏங்குவது? 'யமுனை ஆற்றிலே' நமக்குத் தெரியும். அவள் வேறு பாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ராமோடு சேர்ந்து நமக்கும் ஏமாற்றம். நமக்குத் தெரிந்த பாட்டு என்பதால்தான் இயக்குநரால் அதை நமக்குத் தராமல் வைத்திருக்க முடிகிறது. பிரபலமான பாட்டைப் படத்தில் வைப்பதன் பெரிய பலமே, பாட்டு உரிமைக்குக் கொடுக்கும் பணத்தையும் அதனால் வரும் தகராறையும் கூடத் தாங்கலாம் என்று நினைக்க வைக்கும் பலம், இந்தத் தராமல் வைத்திருத்தல்தான்.

பாட்டின் பொருளும் சும்மா இல்லை. யமுனைக் கரையில் கண்ணன் வருவான் என்று ராதை காத்திருக்கும் பாட்டு அது. 'தளபதி'யிலும் அதைப் பாடும் பெண்ணுக்கு அந்தக் காதல் கைகூடாது. அதைத் தெரிந்தவருக்குக் காட்சி இன்னும் ஒரு அடுக்கு கனக்கும். தெரியாதவருக்கும் ஒன்றும் குறையாது.

இதே வித்தையை 1942இலேயே 'காசாபிளாங்கா' செய்துவிட்டது. 1931இல் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு அதில் வருகிறது. மதுக்கடை நடத்தும் ரிக், தன் பியானோக்காரன் சாமிடம் அந்தப் பாட்டை மட்டும் வாசிக்கவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறான். ஒரு நாள் பழைய காதலி அந்தக் கடைக்கு வந்து அதைத்தான் கேட்கிறாள். தடுத்து வைத்த பாட்டு கேட்டதும் ரிக் கோபத்தோடு வருகிறான், அவளைப் பார்க்கிறான். வசனமே தேவைப்படவில்லை. தஞ்சாவூர் வகுப்பறைக்கும் இந்தக் கடைக்கும் எவ்வளவு தூரம், ஆனால் முடிச்சு ஒன்றேதான்.

இன்னொரு சங்கதி. 'தளபதி' வந்த அதே 1991 தீபாவளிக்குத்தான் கமலின் 'குணா'வும் வந்தது. அதற்கும் இளையராஜாதான் இசை. அதில் வந்த 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு, முப்பத்திரண்டு வருடம் கழித்து, 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் வந்து தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எல்லோரையும் அழ வைத்தது. 2006இல் உண்மையில் நடந்த சம்பவம் அது. கேரளத்து நண்பர்கள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய், 'குணா' படம் எடுத்த குகையைப் பார்க்கப் போகிறார்கள். ஒருவன் பாதாளக் குழியில் விழுகிறான். இன்னொருவன் கயிற்றில் இறங்கி அவனைத் தூக்கி வருகிறான். மேலே வரும் நேரத்தில், இது மனிதர் உணர்ந்துகொள்ளும் காதல் இல்லை, அதற்கும் மேலானது என்று கமல் சொல்கிற அந்த இடம் ஒலிக்கிறது.

ஒரு பெண்ணுக்குக் காதலன் சொன்ன வரி, இங்கே இரண்டு நண்பர்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, பொருள் மட்டும் இடம் மாறிவிட்டது. பாட்டு பிறந்த அதே குகை என்பதால் இயக்குநர் சிதம்பரம் அதை எங்கிருந்தோ இழுத்து வந்து போட்டதாகத் தோன்றவில்லை. 'குணா' இல்லாவிட்டால் அந்த நண்பர்கள் அந்தக் குகைக்கே போயிருக்க மாட்டார்களே.

அதே ஆண்டு வந்த 'லப்பர் பந்து' பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையோடு மைதானத்துக்குள் இறங்கினால் ஒலிபெருக்கியில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' போடுவார்கள், 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு. விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பரில், படம் வந்தது அடுத்த ஆண்டு செப்டம்பரில். ஆகவே தியேட்டரில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் பாதி கெத்துக்கு, பாதி போய்விட்ட மனிதருக்கு. ஊர்க் கிரிக்கெட்டில் இப்படிப் பாட்டுப் போடுவது எங்களுக்குப் புதிதும் இல்லை. மைதானத்தில் ஒலிபெருக்கி இருந்தால் யாராவது ஒருவர் போடத்தான் செய்வார்.

காலத்தைச் சொல்வதற்குப் பாட்டைப் போடுவதும் உண்டு. 1980இல் நடக்கும் 'சுப்ரமணியபுரம்' படத்தில் அதே வருடத்து 'சிறு பொன்மணி அசையும்' வருவது போல. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கதை நடக்கும் வருடத்தில் அந்தப் பாட்டு வெளிவந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரியவர் கண்டுபிடித்துவிடுவார்.

எடிட்டிங் மேசையில் நடப்பது

இப்படியான பாட்டுகள் எல்லாம் திட்டம் போட்டுத்தான் வருகின்றன என்று நினைக்க வேண்டாம். படம் வெட்டும்போது இசை இன்னும் வந்திருக்காது. அதனால் வேகம் பார்ப்பதற்காக ஏதாவது ஒரு பாட்டைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவோம். சில வேளை அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். 1967இல் வந்த 'தி கிராஜுவேட்' படத்தில் இயக்குநர் மைக் நிக்கோல்ஸ், சைமன்-கார்ஃபங்கல் என்ற பாடகர் இரட்டையரின் பாட்டுகளை முதலில் அப்படித்தான் போட்டு வெட்டினார். பிறகு எடுக்க மனம் வராமல் அவற்றையே வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் ஒரு இசையமைப்பாளரிடம் புது இசை வாங்கியும், அதை ஒதுக்கிவிட்டுத் தான் தற்காலிகமாக வைத்திருந்த பழைய செவ்வியல் இசையையே வைத்தார். கல்யாண வீடியோவில் எனக்கும் இது நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பாட்டுச் சொல்வார்கள். நான் வெட்டுவதற்காக வைத்திருந்த பாட்டை அதற்குள் பெண்ணின் தாய் கேட்டுவிட்டு, இதுவே இருக்கட்டும் தம்பி என்று கண்ணைத் துடைப்பார்.

உரிமை விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கலாம். உங்கள் படத்தில் ஒருவர் வாயால் பாடினால் ஒலிப்பதிவு உரிமை தேவைப்படாது, ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் அனுமதி வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இது வரும். 'மஞ்சும்மல் பாய்ஸ்' விஷயத்தில் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது, தயாரிப்புத் தரப்பு தாங்கள் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் உரிமை வாங்கியதாகச் சொன்னது. பெரிய படங்களுக்கே இப்படி என்றால், யூடியூபில் போடப் போகிற குறும்படத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வகுப்பில் போட்டுக் காட்டுவது வேறு, உலகத்துக்குப் போடுவது வேறு. முதலில் கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்தக் குறும்படத்துக்கு வருவோம்.

அப்பாவைப் பற்றிய பாட்டை முழுதாக எடுத்துவிட்டோம். அதன் பிழை என்னவென்றால், காட்சி என்ன சொல்கிறதோ அதையே வரியும் சொன்னது. அப்பா நல்லவர், அப்பா பேசமாட்டார், அப்பாவுக்கு வலிக்கும். அதைத்தான் அந்த நடிகரின் முகம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததே. விளக்கம் சொல்கிற வரியை விட, கேள்வி கேட்டுவிட்டு நிற்கிற வரி காட்சிக்கு நல்லது. நான் 'பூங்காற்று திரும்புமா'வைச் சொன்னேன். மருமகளுக்கு அந்தப் பாட்டுத் தெரியும். பெடியனுக்கு, கேட்டதும்தான் ஞாபகம் வந்தது, "எங்கட அப்பா வலை தைக்கேக்க இதைத்தான் முணுமுணுப்பார்" என்றான்.

அது போதும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டச்பேக்குத் திரும்பப் போய் முதல் காட்சியை மட்டும் புதிதாக எடுத்தார்கள். தகப்பன் வலை தைத்துக்கொண்டே வரி இல்லாமல் அந்த மெட்டை மட்டும் முனகுகிறார். மகன் "என்ன பாட்டப்பா அது?" என்று கேட்கிறான். அவர் நிறுத்திவிடுகிறார், பதில் இல்லை.

கடைசிக் காட்சியில் பாட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ரேடியோவுக்குள் கொண்டுபோனோம். இதைச் செய்யும் முறை எளிது. பாட்டின் அடி ஒலியையும் மேல் ஒலியையும் நன்றாகக் குறைத்தால் நடுவில் மிஞ்சுவது சின்ன ரேடியோச் சத்தம் போல இருக்கும். சத்தத்தையும் இறக்கி, அதன் மேல் பஸ் என்ஜினையும் கண்டக்டர் கூப்பிடுவதையும் வைக்க வேண்டும். பஸ் நிற்கும் வரை பாட்டு அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. பஸ் கிளம்பிச் சத்தம் தேய்ந்ததும்தான் முதல் வரி காதில் விழும். தகப்பன் மோட்டார் சைக்கிளின் மேல் கை வைத்தபடி கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

அந்த வரி முடிந்ததும் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு ஷட்டரை இழுக்கிறார். படம் அங்கே முடிகிறது. "முழுப் பல்லவியும் வரட்டுமே மாமா, பாவம்" என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். அவள் முகம் சரியில்லை. சரி, ஒருக்கா முழுதாகப் போட்டுப் பார்ப்போம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை முதலில் இருந்து ஓட்டினேன்.

ஷட்டர் இறங்கி, திரை கறுத்து, அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது பின்னால் இருந்து அடுத்த வரி மெதுவாகக் கேட்டது. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றிருந்த அக்கா, தன்னை அறியாமலே மிச்சத்தைப் பாடிக்கொண்டிருந்தார்.